எரிமலைச் சரிவு ஒயின்கள்: கேள்வி – பதில்

சென்ற இதழில் சிசிலித் தீவின் எட்னா, கிரேக்கத்தின் சாண்டோரினி, கனரித் தீவுகளில் ஒன்றான லான்சரோட்டே ஆகிய மூன்று எரிமலை நிலங்களின் ஒயின்களைப் பற்றி எழுதியிருந்தோம். நிறையக் கடிதங்கள் வந்தன. கொடி வளர்ப்பது தொடங்கிச் சாப்பாட்டு மேசை வரைக்கும் கேட்டிருக்கிறார்கள். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் அதில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

எரிமலைப் பாறையின் சுவை ஒயினில் இறங்குகிறது என்கிறார்கள். கந்தக வாசம்கூட வருமாம். உண்மையா? — சென்னை வாசகர்

பாறையின் சுவை இறங்காது. வேர் எடுப்பது தண்ணீரில் கரைந்த உப்புகளை மட்டும்தான், அதுவும் மிகச் சிறிய அளவில். எரிமலைக் கல்லை நக்கிப் பாருங்கள், ஒரு சுவையும் இருக்காது. இல்லாத சுவை கொடி வழியாக எப்படி ஏறும்?

ஆனால் மண்ணுக்கும் ஒயினுக்கும் உறவே இல்லை என்று சொல்லிவிடவும் முடியாது. அந்த உறவு புளிப்பு வழியாக வருகிறது. திராட்சைச் சாற்றில் பொட்டாசியம் அதிகமானால் அது டார்டாரிக் அமிலத்தோடு சேர்ந்து உப்பாகி அடியில் படிந்துவிடும், புளிப்பு குறையும். சாண்டோரினி மண்ணில் பொட்டாசியம் குறைவு. அதனால் ஆகஸ்ட் வெயிலில் பழுத்த அசிர்டிகோ திராட்சையும் புளிப்பை விடாமல் வைத்திருக்கிறது. இத்தாலியின் வெசுவியஸ் எரிமலையோ பொட்டாசியம் மிகுந்த பாறைகளுக்குப் பேர்போனது. ஆகவே ‘எரிமலை மண்’ என்று ஒரே பெயரில் எல்லாவற்றையும் அடைத்துவிடக் கூடாது. எட்னாவில் புளிப்பைக் காப்பாற்றுவது மண்ணைவிட உயரம். தோட்டங்கள் பெரும்பாலும் 400 முதல் 1,000 மீட்டர் உயரத்தில் இருக்கின்றன. பகலில் சிசிலி வெயில், இரவில் மலைக் குளிர். காய் மெதுவாகப் பழுத்து, அறுவடை அக்டோபருக்குத் தள்ளிப்போகிறது.

கந்தக வாசம் எரிமலையிலிருந்து வருவதல்ல. நொதிக்கும்போது ஈஸ்டுக்குத் தழைச்சத்து போதாவிட்டால் அது ஹைட்ரஜன் சல்பைடை வெளிவிடும். அழுகிய முட்டை நாற்றம் அதுதான். எரிமலையே இல்லாத ஊரில் செய்த ஒயினிலும் இது வரும். லேசாக இருந்தால், டீ ஆற்றுகிற மாதிரி இரண்டு கண்ணாடி ஜாடிகளுக்கு இடையே நான்கைந்து முறை உயரத் தூக்கி ஊற்றி, 20 நிமிடம் விட்டுவிடுங்கள், போய்விடும். போகாவிட்டால் அது தயாரிப்பிலேயே நேர்ந்த குறை.

எங்கள் கம்பம் பள்ளத்தாக்கில் பன்னீர் திராட்சையைப் பந்தல் போட்டுத்தான் வளர்க்கிறோம். சாண்டோரினியில் கொடியைத் தரையிலேயே கூடை மாதிரிச் சுருட்டி விடுகிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். காற்றோட்டம் இல்லாமல் காய் அழுகாதா? கவாத்து எப்படிச் செய்கிறார்கள்? — கம்பம், ஒரு விவசாயி

உங்கள் ஊருக்கும் அந்தத் தீவுக்கும் உள்ள வேறுபாடே இதற்குப் பதில். உங்களுக்குத் தண்ணீர் உண்டு, காற்றில் ஈரம் உண்டு. அதனால் கொத்து தரையை விட்டு உயரத்தில் தொங்க வேண்டும், அடியில் காற்று ஓட வேண்டும். சாண்டோரினியில் கோடை முழுக்க மழையே கிடையாது, பாசனமும் அநேகமாகக் கிடையாது. பூஞ்சைக்கு வேண்டிய ஈரம் இலையில் தங்குவதற்குள் காற்று அடித்துக் காயவைத்துவிடும். அங்கே அழுகலைவிடக் காற்றுக்குத்தான் பயப்பட வேண்டும். மெல்தெமி என்ற வடகாற்று கோடையில் நாள்கணக்கில் வீசும். நுரைக்கல் துகளையும் சாம்பலையும் வாரி வந்து அடிக்கும். பந்தல் போட்டால் பூவும் பிஞ்சும் உதிர்ந்துவிடும், இலை கிழிந்து போகும்.

அதற்காகத்தான் ‘கூலூரா’ என்று அவர்கள் சொல்லும் கூடை. குளிர்காலத்தில் இலை உதிர்ந்த பிறகு கவாத்து. முந்தின ஆண்டு விட்ட கிளைகளில் வலுவானவற்றை மட்டும் நீளமாக விட்டு, மற்றதை வெட்டிவிடுவார்கள். விட்ட கிளையை, ஏற்கெனவே வளையமாக இருக்கும் பழைய தண்டின் மேல் சுற்றி, முனையை அடுத்த கிளைக்கு அடியில் செருகுவார்கள். கயிறு, கம்பி, கம்பு எதுவும் கிடையாது. கொடியே கொடியைக் கட்டிக்கொள்கிறது. கிளையை வளைப்பதற்குக் காற்றில் ஈரம் உள்ள நாளாகப் பார்க்க வேண்டும். காய்ந்த நாளில் வளைத்தால் கணுவில் முறிந்துவிடும், அந்த ஆண்டுக் காய்ப்பும் அதோடு போச்சு. வசந்தத்தில் துளிர்க்கும்போது இலைகள் கூடையின் வெளிப்பக்கம் சுவராக நிற்கும், கொத்துகள் உள்ளே தொங்கும். காற்றையும் உச்சி வெயிலையும் இலைதான் வாங்கிக்கொள்கிறது. அறுவடைக்காரர் ஒவ்வொரு கூடைக்கும் குனிந்து, கையை உள்ளே விட்டுத்தான் அறுக்க வேண்டும்.

ஆண்டுக்கு ஒரு சுற்று ஏற ஏற, வேரிலிருந்து துளிருக்கு உள்ள தூரம் பல மீட்டராகிவிடும். சாறு அவ்வளவு பழைய மரத்தைக் கடந்து வர வேண்டும், எனவே காய்ப்பு குறையும். பல பத்தாண்டுகளுக்குப் பிறகு கூடையை முழுக்க அறுத்து எடுத்துவிட்டு, பழைய வேரிலிருந்து வரும் புதுத் துளிரைக் கொண்டு மறுபடி முதல் சுற்றைத் தொடங்குவார்கள். தண்டு இளையது, வேர் கிழவன். நாற்று நட்டுப் புதிதாக ஆரம்பிப்பதைவிட இது நல்லது, ஆழத்துக்குப் போன வேர் அப்படியே கிடைக்கிறதல்லவா.

இன்னொன்று உங்களுக்கு ஆர்வமாக இருக்கும். அங்கே, வேர்ப்பேனைத் தாங்கும் வேறு கொடியின் வேரில் ஒட்டுக் கட்டுவதில்லை. 19-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியத் திராட்சையை அழித்த ஃபில்லாக்சரா என்ற வேர்ப்பேன் மணலிலும் சாம்பலிலும் ஊர்ந்து போக முடியாது. களிமண் வெடிப்பு அதற்கு வேண்டும். சாண்டோரினி மண்ணில் களி அநேகமாக இல்லை. எனவே கொடிகள் சொந்த வேரிலேயே நிற்கின்றன. எட்னாவிலும் மணல் மிகுந்த மேட்டுத் தோட்டங்களில் ஒட்டுக் கட்டாத முதிய கொடிகள் இன்னும் காய்க்கின்றன. ஆனால் எட்னாவில் கூடை கிடையாது. செஸ்ட்நட் மரக் கம்பு ஒன்றை நட்டு, அதைச் சுற்றிக் குட்டை மரமாக வளர்ப்பது அவர்கள் வழக்கம்.

மழை 150 மில்லிமீட்டர்கூட இல்லாத லான்சரோட்டேயில் குழி தோண்டித் திராட்சை வைக்கிறார்களாமே? கரிசல்காட்டுக்காரனான எனக்கு நம்ப முடியவில்லை. — கோவில்பட்டி வாசகர்

1730 முதல் 1736 வரை ஆறு ஆண்டுகள் அந்தத் தீவில் எரிமலை கக்கியது. நல்ல விளைநிலமெல்லாம் கறுப்புச் சாம்பல் மணலுக்கு அடியில் போயிற்று. புதைந்தது மண்தான், அழியவில்லை என்பதை உழவர்கள் கண்டுபிடித்தார்கள். லா ஹேரியா என்ற பகுதியில் சாம்பல் ஆழமாக இருப்பதால், பழைய மண் தட்டுப்படும் வரை சாம்பலைக் கிண்ணம் போலச் சரித்துத் தோண்டுவார்கள். குழி 2, 3 மீட்டர் ஆழம்கூடப் போகும். அடியில் ஒரு கொடி. குழியின் விளிம்பில், வாடைக்காற்று வரும் பக்கம், அரைவட்டமாகச் சுண்ணாம்பு இல்லாமல் அடுக்கிய கல் சுவர்.

அந்தக் கறுப்புச் சாம்பல் மணலை ‘பிகோன்’ என்கிறார்கள். அது உருண்டை உருண்டையாக, நுண்துளை நிறைந்தது. இரவுப் பனியையும் பெய்த சொற்ப மழையையும் உடனே கீழே விட்டுவிடும், பகலில் அடிமண்ணின் ஈரம் ஆவியாகாமல் மூடியும் வைக்கும். கரிசல் காய்ந்தால் வெடிக்கும், அந்த வெடிப்பு வழியாக ஈரம் போய்விடும். பிகோன் வெடிக்காது. அதுதான் முக்கியமான வேறுபாடு. குறை என்னவென்றால் எந்திரம் உள்ளே இறங்க முடியாது, சரிந்து விழும் சாம்பலைக் கையால் அள்ளிக்கொண்டே இருக்க வேண்டும், ஒரு ஹெக்டேருக்கு மிகக் குறைந்த கொடிகள்தான் வைக்க முடியும். விலை ஏன் அதிகம் என்று கேட்பவர்களுக்கு அந்தக் குழியைக் காட்டினால் போதும்.

இங்கே பலேர்மோவில் எங்கள் வீடுகளில் பழப்புளி விட்ட மீன் குழம்பு, கணவாய்க் கறி, சொதி எல்லாம் கிழமைக்கு இரண்டு மூன்று முறை. விருந்துக்கு வரும் இத்தாலிய நண்பர்கள் எட்னா சிவப்பு ஒயின் கொண்டு வருவார்கள். குழம்போடு குடித்தால் வாயில் இரும்புத் துரு மாதிரி ஒரு கெட்ட சுவை. ஒயின் பிழையா, குழம்பு பிழையா? — பலேர்மோ வாசகி

இரண்டிலும் பிழையில்லை, சேர்த்ததுதான் பிழை. சிவப்பு ஒயினில் கரைந்திருக்கும் இரும்பு, மீன் கொழுப்போடு சேரும்போது அந்தத் துரு வாடை எழுகிறது என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் 2009-இல் காட்டினார்கள். சூரை, சாளை போன்ற கொழுப்பு மீன்களில் கூடுதலாகத் தெரியும். அதோடு மிளகாய் வேறு. காரம் ஏறிய நாக்குக்குத் துவர்ப்பு இரண்டு மடங்காகத் தோன்றும். எட்னா சிவப்பு பார்வைக்கு வெளிறிய நிறம், மென்மையாக இருக்கும் என்று நினைப்போம். அதைச் செய்யும் நெரெல்லோ மஸ்கலேசே திராட்சையின் துவர்ப்பு அப்படி மென்மையானதல்ல.

அடுத்த முறை நண்பர்களை எட்னா வெள்ளை கொண்டுவரச் சொல்லுங்கள். அது கரிக்கான்தே என்ற திராட்சையில் செய்வது. ஏன் என்றால், பழப்புளியின் முக்கியமான அமிலம் டார்டாரிக். திராட்சையின் அமிலமும் அதுவே. புளி விட்ட குழம்புக்கு எதிரில் புளிப்புக் குறைந்த ஒயின் தண்ணீராகிவிடும். உணவைவிட ஒயின் ஒரு படியாவது புளிப்பாக இருக்க வேண்டும், அல்லது சமமாகவாவது. எரிமலைச் சரிவு வெள்ளைகளில் நீங்கள் தேட வேண்டியது அந்தப் புளிப்பைத்தான். பழ வாசனை, மலர் வாசனை எல்லாம் மிளகாய்த்தூளுக்கு முன்னால் நிற்காது.

அப்படியானால் இன்னும் புளிப்பான சாண்டோரினி அசிர்டிகோ ஏன் வேண்டாம் என்று கேட்கலாம். அதில் மதுச்சாரம் 13.5 முதல் 14.5 சதவீதம் வரை போகும். காரத்தோடு மதுச்சாரம் சேர்ந்தால் தொண்டை எரியும். எட்னா வெள்ளையில் 12, 12.5 சதவீதம்தான் வழக்கம். யாழ்ப்பாணத்துக் காரத்துக்கு அந்த ஒன்றரை சதவீதம் பெரிய வேறுபாடு. காரமில்லாத சொதிக்கு அசிர்டிகோ நன்றாகப் பொருந்தும். தேங்காய்ப்பாலின் கொழுப்பை அந்தப் புளிப்பு வெட்டும், கடைசியில் பிழியும் தேசிக்காயோடும் இசையும்.

செய்து பார்க்க ஒரு வழி: குழம்பு ஒரு வாய், ஒயின் ஒரு மிடறு. ஒயின் சப்பென்று தெரிந்தால் குழம்பில் புளி தூக்கல் என்று அர்த்தம். ஒயினை மாற்றாதீர்கள். நான்கு பேருக்கான குழம்பில் அரைக் கோப்பை முதற்பால் விட்டு, கொதிக்க விடாமல் இறக்குங்கள், சரியாகிவிடும். மாறாக, ஒயின் மூக்கைத் துளைக்கும் புளிப்பாகத் தெரிந்தால் உப்புக் குறைவு. அரைச் சிட்டிகை உப்புப் போதும். உப்பு, ஒயினின் புளிப்பை வட்டமாக்கிவிடும்.

கணவாய்க்குக் கொழுப்புக் குறைவு, துரு வாடை அதிகம் வராது. அதைப் பிரட்டலாகச் செய்யும் நாளில் எட்னா ரோஜா நிற ஒயினைக் குளிரவைத்துக் குடிக்கலாம். நண்பர்கள் கொண்டுவந்த சிவப்பை ஆட்டிறைச்சிக் கறிக்கு ஒதுக்கி வையுங்கள். அன்றைக்கு மிளகாயைக் குறைத்து மிளகைக் கூட்டுங்கள்.

சிசிலியின் கத்தானியா நகரத்துக் கத்தரிக்காய்ப் பாஸ்தாவான ‘பாஸ்தா அல்லா நோர்மா’வும் எட்னா சிவப்பும் நல்ல ஜோடி என்றீர்கள். செய்தேன். கத்தரிக்காய் எண்ணெயைக் குடித்துவிட்டது, சாறு நீர்த்துவிட்டது, ஒயின் கசந்தது. — கோவை வாசகி

மூன்றும் தனித்தனிக் கோளாறுகள்.

நான்கு பேருக்கு: 700 கிராம் பெரிய கத்தரிக்காய், 800 கிராம் பழுத்த தக்காளி, 360 கிராம் பாஸ்தா, 80 கிராம் உப்பிட்டுக் காயவைத்த ரிகோட்டா பாலாடைக்கட்டி, பூண்டு 2 பல், துளசி போல இருக்கும் பேசில் ஒரு பிடி. கத்தரிக்காயை ஒரு சென்டிமீட்டர் வில்லைகளாக அரிந்து, உப்புத் தூவி, வடிதட்டில் 40 நிமிடம் வையுங்கள். பிறகு கழுவி, துணியில் அழுத்தித் துடையுங்கள். உப்பு வைப்பது கசப்புக்காக மட்டுமல்ல. பஞ்சு போன்ற அதன் சதை நீரை விட்டு அமுங்கினால்தான் எண்ணெய் குடிக்காது. எண்ணெய் 175 டிகிரி சூட்டில் இருக்க வேண்டும். ஒரு துண்டு போட்டால் உடனே சுற்றிலும் நுரைத்து மேலே வர வேண்டும். ஒரே தடவையில் வாணலியை நிரப்பினால் சூடு இறங்கும், எண்ணெய் உள்ளே போகும். நான்கைந்து வில்லைகளாகப் பொரியுங்கள்.

தக்காளியைத் தோலுரித்து, விதைக் கூழை எடுத்துவிட்டு, பூண்டு தாளித்த ஆலிவ் எண்ணெயில் மூடாமல் 25 நிமிடம் வேகவிடுங்கள். நம் நாட்டுத் தக்காளிக்குப் புளிப்பும் நீரும் கூடுதல், 35 நிமிடம்கூட ஆகலாம். கரண்டியால் வழித்தால் வாணலியின் அடி தெரிந்து மெதுவாக மூட வேண்டும். அதுதான் பதம். சர்க்கரை போடாதீர்கள், ஒயின் இன்னும் கசக்கும்.

பாஸ்தாவைப் பொட்டலத்தில் சொன்ன நேரத்துக்கு ஒரு நிமிடம் முன்பே எடுத்து, சாறில் புரட்டி, வில்லைகளில் பாதியைக் கலந்து, மீதியை மேலே அடுக்கி, பாலாடைக்கட்டியைத் துருவித் தாராளமாகப் போடுங்கள். ஒயின் கசந்ததற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்: அந்தக் கட்டியைக் குறைத்திருப்பீர்கள், அல்லது உப்பில்லாத ரிகோட்டாவைப் போட்டிருப்பீர்கள். துவர்ப்பை அடக்குவது உப்பும் கொழுப்பும்தான். கிடைக்காவிட்டால் ஃபெட்டா என்ற கிரேக்கப் பாலாடைக்கட்டியைத் தண்ணீரில் அலசி, துணியில் கட்டி, ஓரிரவு ஃப்ரிட்ஜில் வைத்து இறுகவைத்துத் துருவுங்கள். சுவை முழுக்க ஒன்றல்ல, ஆனால் ஒயினுக்கு அது செய்ய வேண்டிய வேலையைச் செய்யும்.

சிவப்பு ஒயினை அறை வெப்பத்தில் பரிமாற வேண்டும் என்கிறார்கள். எங்கள் ஊரில் அறை வெப்பம் 30 டிகிரி! — சிங்கப்பூர் வாசகர்

அந்த அறிவுரை கல் சுவர் வீடுகளில் பிறந்தது. எட்னா சிவப்புக்கு 14 முதல் 16 டிகிரி. அதற்கு மேல் போனால் மதுச்சாரம் மூக்கில் ஏறும், துவர்ப்பு தளர்ந்துபோகும். 30 டிகிரியில் உள்ள பாட்டிலை ஃப்ரிட்ஜில் வைத்தால் சுமார் 2 மணி நேரம். அவசரமென்றால் வாளியில் பாதி ஐஸ், பாதி தண்ணீர், ஒரு கைப்பிடி உப்பு, கழுத்து வரை முக்கி 15 நிமிடம். வெறும் ஐஸில் புதைப்பது வீண், கண்ணாடியோடு ஒட்டி நிற்பது தண்ணீர்தான். வெள்ளைக்கு இதே வாளியில் 25 நிமிடம், 10 முதல் 12 டிகிரி. அசிர்டிகோவை 6 டிகிரி வரை உறையவிட்டால் வாசனை மூடிக்கொண்டு வெறும் புளிப்பு மட்டும் மிஞ்சும். பலர் அதைப் ‘புளித்தண்ணீர்’ என்று ஒதுக்குவது இதனால்தான்.

சாண்டோரினி ஒயினின் அடியில் கண்ணாடித் தூள் மாதிரி ஏதோ மின்னியது. பயந்து கொட்டிவிட்டேன். — டொராண்டோ வாசகி

பாவம், நல்ல ஒயின். அது கண்ணாடி இல்லை, டார்டாரிக் அமிலத்தின் உப்புப் படிகம். புளிப்பு மிகுந்த ஒயினைக் குளிரில் வைத்தால் படியும். விரலால் நசுக்கினால் மணல் போல நொறுங்கும், நாக்கில் வைத்தால் புளிக்கும். ஒருநாள் நிமிர்த்தி வைத்து, கடைசி இரண்டு விரற்கடையை விட்டுவிட்டு மெதுவாக ஊற்றினால் போதும்.

சாண்டோரினி ‘வின்சாண்டோ’வும் இத்தாலியின் ‘வின் சாண்டோ’வும் ஒன்றா? எதோடு குடிக்க வேண்டும்? — லண்டன் வாசகர்

பெயர்தான் ஒத்திருக்கிறது. டஸ்கனியில் திராட்சையைக் கூரைக்குக் கீழே மாதக்கணக்கில் காயவைத்து, சின்னப் பீப்பாய்களில் அடைத்து மூடுவார்கள். சாண்டோரினியில் திறந்த வெயிலில் ஏறத்தாழ இரண்டு வாரம் காய்கிறது. பாதிக்கு மேல் அசிர்டிகோ இருக்க வேண்டும், மரப்பீப்பாயில் குறைந்தது 2 ஆண்டு இருக்க வேண்டும் என்பது விதி. உலர்ந்த அத்தி, திராட்சை வற்றல், காபிக்கொட்டை வாசனை. சர்க்கரை மிக அதிகம், ஆனால் அசிர்டிகோவின் புளிப்பு அடியில் நிற்பதால் திகட்டாது.

சேர்க்கும்போது ஒரே விதி: பலகாரம் ஒயினைவிட இனிப்பாக இருக்கக் கூடாது. பாகில் ஊறிய இனிப்பு எதுவும் அதைப் புளிக்கச் செய்துவிடும். நீலப் பூஞ்சைப் பாலாடைக்கட்டி, வறுத்த பாதாம், வால்நட், கசப்புச் சாக்லேட் நல்ல துணை. 50 முதல் 60 மில்லி போதும். பாட்டிலைத் திறந்தபின் ஃப்ரிட்ஜில் இரண்டு மூன்று வாரம் கெடாமல் இருக்கும். சாதாரண வெள்ளை, சிவப்பு என்றால் மூன்று நாள்தான்.

அசிர்டிகோவோடு சாண்டோரினிக்காரர்கள் பருப்பு மசியல் சாப்பிடுவார்களாமே? எந்தப் பருப்பு? — மதுரை வாசகி

‘ஃபாவா’ என்று பெயர். பெயரைப் பார்த்து மொச்சை வகை என்று நினைக்க வேண்டாம். தீவில் விளையும் லத்திரஸ் கிளிமெனம் என்ற சிறு பயறின் மஞ்சள் உடைப்பருப்பு அது. நம் ஊரில் பேசப்படும் கேசரிப் பருப்பும் லத்திரஸ் பேரினம்தான், ஆனால் வேறு இனம், நரம்பைப் பாதிக்கும் நச்சு உள்ளது. அதை மாற்றாகத் தேட வேண்டாம். கிரேக்கத்தின் மற்ற ஊர்களில் செய்வது போல மஞ்சள் பட்டாணிப் பருப்பு எடுத்துக்கொள்ளுங்கள்.

250 கிராம் பருப்பைக் கழுவி, ஒரு லிட்டர் தண்ணீரில், பாதியாக நறுக்கிய வெங்காயத்தோடு வேகவையுங்கள். முதல் பத்து நிமிடம் எழும் நுரையை வழித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் பச்சை வாடை நிற்கும். மெல்லிய தீயில் 45 நிமிடம். பருப்பு தானாகக் கரைந்து, கரண்டி கோடு போட வேண்டும். உப்பு கடைசியில். சூடாக இருக்கும்போதே 4 மேசைக்கரண்டி ஆலிவ் எண்ணெயைச் சிறுகச் சிறுக ஊற்றி மத்தால் கடையுங்கள். ஆறினால் இறுகும், அதனால் நினைப்பதைவிடச் சற்றுத் தளர்வாக இறக்குங்கள். மேலே பச்சை வெங்காயம், உப்பில் ஊறிய கேப்பர் மொட்டு, எலுமிச்சை. பெருங்காயமும் கடுகும் தாளித்தால் நமக்கு ருசிக்கும், ஆனால் அந்த வாசனை அசிர்டிகோவை மூடிவிடும். இந்த ஒருநாள் தாளிக்காமல் சாப்பிட்டுப் பாருங்கள். மாவுப்பதமான மசியல், உப்பு மொட்டு, அதன்மேல் கூர்மையான புளிப்பு ஒயின்: தீவில் விளைகிற மூன்றும் ஒரே வாயில் சேரும்.

கடையில் பாட்டிலைப் பார்த்து எப்படித் தேர்ந்தெடுப்பது? — திருச்சி வாசகர்

எட்னா சிவப்பில் நெரெல்லோ மஸ்கலேசே குறைந்தது 80 சதவீதம் இருக்க வேண்டும். எட்னா வெள்ளையில் கரிக்கான்தே 60 சதவீதமே போதும். ‘சுப்பீரியோரே’ என்ற சொல் சேர்ந்திருந்தால் கரிக்கான்தே 80 சதவீதம், அதுவும் கிழக்குச் சரிவில் உள்ள மிலோ ஊர் எல்லைக்குள் விளைந்தது. மழை அதிகமான பக்கம் அது, புளிப்பும் கூர்மை. ‘கொன்ட்ராடா’ என்று ஒரு பெயர் இருந்தால் அது குறிப்பிட்ட ஒரு துண்டு நிலம். எட்னாவில் இப்படி 130-க்கும் மேல் உண்டு. லாவா ஒவ்வொரு காலத்தில் ஒவ்வொரு பக்கம் ஓடியதால் பக்கத்துப் பக்கத்து நிலத்தின் வயதே வேறு.

சாண்டோரினியில் ‘நிக்தேரி’ என்று இருந்தால் பீப்பாயில் ஊறிய கனமான வெள்ளை. ‘நிக்தா’ என்றால் இரவு. பகல் சூட்டில் பழம் கெடாமல் இரவிலேயே பிழிந்த பழைய வழக்கத்திலிருந்து வந்த பெயர். மீனைவிடச் சுட்ட கோழிக்கு ஏற்றது.

‘வோல்கானிக்’ என்று முன்பக்கம் பெரிதாக அச்சிட்டிருப்பதை மட்டும் நம்பி வாங்க வேண்டாம். ஊர், திராட்சை, ஆண்டு மூன்றும் பாருங்கள். லான்சரோட்டேயின் ‘மால்வசியா வோல்கானிகா’ விதிவிலக்கு. அங்கே அது திராட்சையின் பெயரே.

எட்னா அடிக்கடி வெடிக்கிறதே, தோட்டக்காரர்கள் என்ன செய்வார்கள்? — திருநெல்வேலி வாசகர்

உச்சியில் நடப்பது பெரும்பாலும் தோட்டம் வரை வராது. சாம்பல்தான் வரும். அறுவடைக்கு முன் விழுந்தால் தோல் கீறும், கொத்தில் மணல் தங்கும், பிழியும் முன் அலச வேண்டும். பக்கவாட்டில் பிளந்தால்தான் ஆபத்து. 1981 மார்ச்சில் வடக்குச் சரிவில் ராந்தாட்சோ ஊருக்குப் பக்கத்தில் அப்படி ஓடிய லாவா தோட்டங்களை விழுங்கியது. குளிர்ந்த லாவாவில் முதலில் பாசி, அப்புறம் மஞ்சள் பூப் பூக்கும் ஜினெஸ்த்ரா புதர். அதன் வேர் கல்லை உடைத்து, மறுபடி ஒரு கொடி நடும் அளவுக்கு மண்ணாவதற்குப் பல தலைமுறை ஆகும். நெரெல்லோ மஸ்கலேசேக்குப் பெயர் தந்தது மஸ்காலி என்ற ஊர். 1928 நவம்பரில் லாவா அந்த ஊரை மூடியது. ஊரைச் சற்றுத் தள்ளிப் புதிதாகக் கட்டிக்கொண்டார்கள், பழைய பெயரிலேயே.